வரிசையில் ஒரு பேண்ட் பை

அரசு எனக்கு நல்லதுதான் செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "வீடு தேடி அரிசி வருகிறது, அதிலும் ஒரு குறையா இந்த அம்மாவுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். என் மகளும் அதையேதான் கேட்டாள்.

நான் வானொலியில் விவசாயச் செய்தி வாசித்தவள். நெல் கொள்முதல் விலை, உர மானியம், பயிர்க் காப்பீடு, ரேஷன் கடைகளில் வரப்போகும் மாற்றங்கள் எல்லாம் என் வாய் வழியாகத்தான் காற்றில் ஏறின. டெல்லியில் ஒரு கொள்கையை மாற்றினால் மறுநாள் காலை அதை நான் தமிழில் வாசிப்பேன். அறிவிப்பு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே வரியில் வந்து நிற்கும்: "இதனால் பயனாளிகள் பெரிதும் பயனடைவார்கள்." நல்ல கம்பீரமான வரி. இழுத்து வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும். இப்போது அந்தப் பயனாளி நான்தான்.

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். கணவர் போன பிறகு தனியாகத்தான். மகள் பெருங்குடியில் இருக்கிறாள். மயிலாப்பூருக்கும் பெருங்குடிக்கும் நடுவில் கடலா மலையா, ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய ஆபீஸ் அமெரிக்காவின் நேரத்தில் ஓடுகிறது. நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குவாள், அவள் எழுந்திருக்கும்போது நான் கொட்டாவி விடுவேன். பாசமான பெண்தான். பால், மருந்து, காய்கறி எல்லாவற்றையும் போனில் தட்டி அனுப்பிவிடுவாள். கொண்டுவருகிற பையன்கள் கதவோரம் வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டு, மணிகூட அடிக்காமல் இறங்கிப் போய்விடுவார்கள். கதவைத் திறந்தால் முருங்கைக்காய் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருப்பவர்கள் இல்லை. எனக்குப் பழகவில்லை. காலையில் எழுந்து காபி போட்டு, குளித்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கும்போது திடீரென்று உறைக்கும், இன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று. ஊருக்கே உரத்துப் பேசிப் பிழைத்த தொண்டை. சாயங்காலம் கீழே காய்கறிக்காரரிடம் "கொத்தமல்லி இருக்கா?" என்று கேட்டால் குரல் பாதியில் மாட்டிக்கொண்டு கரகரவென்று வரும். அவர் நிமிர்ந்து, "உடம்பு சரியில்லையா?" என்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட எனக்கு இருந்த ஒரே கூட்டம், எங்கள் ரேஷன் கடை வரிசை.

ரேஷன் அரிசி சாப்பிடுகிறாயா என்று உறவுக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். இட்லிக்கு அந்தப் புழுங்கலரிசியை அடித்துக்கொள்ள வேறு அரிசி கிடையாது, அது அவர்களுக்கும் தெரியும். என் வீட்டு இட்லியைச் சாப்பிடும்போது யாரும் முகம் சுளித்ததில்லை.

எங்கள் கடையில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, பைகள்தான் நிற்கும். கடை திறப்பதற்கு முன்பே வந்து, காற்றில் பறக்காமலிருக்க உள்ளே ஒரு செங்கல் துண்டைப் போட்டு, பையை வரிசையில் வைத்துவிட வேண்டும். பிறகு மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்பின் நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வரிசை நகர்ந்தால் பின்னால் இருக்கிறவர் முன்னால் உள்ள பையைக் காலால் ஒரு தள்ளு தள்ளுவார். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் பையைத் தாண்டி யாராவது தன் பையை வைத்தால் தெருவே ரெண்டுபடும்.

என் பை என் கணவரின் பழைய பேண்டில் தைத்தது. கால்கள் இரண்டையும் வெட்டி, அடியை மூடி, பெல்ட் போடும் வளையங்களில் கயிறு கோத்துப் பிடி வைத்தேன். பின் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை, கார்டு வைக்க வசதியாக இருந்தது. வரிசையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. "பேண்ட் பை வந்தாச்சா?", "பேண்ட் பைக்குப் பின்னாடி நான்" என்பார்கள். வானொலியில் என் குரலை எல்லோருக்கும் தெரியும், முகத்தை யாருக்கும் தெரியாது. இங்கே குரலையும் யாருக்கும் தெரியவில்லை, பையைத் தெரிந்தது. அது எனக்குப் போதுமாயிருந்தது.

எனக்குப் பக்கத்தில் பெரும்பாலும் உட்காருகிறவள் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலை செய்யும் பெண். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளைத் திரும்ப மடிப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே மடிக்க வேண்டும். உட்காரக் கிடைத்தால் அவளுக்கு வாய் ஓயாது. எந்தக் கல்யாண வீட்டார் எத்தனை புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனார்கள், மேற்பார்வை பார்க்கிறவன் இன்னா திமிரு பண்றான், எல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நான்தான்" என்றேன். "அவ்ளோதானா?" என்றவள், அதற்கப்புறம் கேட்கவில்லை.

இதில் ஒரு ரகசிய சௌகரியம் இருந்தது. எங்கள் கடைக்குச் சரக்கு ஒருநாளும் ஒன்றாக வந்ததில்லை. அரிசி வந்தால் பருப்பு வராது. பருப்பு வரும் நாளில் பாமாயில் இருக்காது. "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்பார் பில் போடுகிறவர். வரிசையே எரிந்து விழும். நானும் ஒப்புக்கு உச்சுக் கொட்டுவேன். உள்ளுக்குள் எனக்கு வாயெல்லாம் பல். துவரம்பருப்பு தாமதமாக வந்தால் எனக்கு இன்னொரு நாள் வரிசை உண்டு. உணவு வழங்கலைச் சீர்திருத்துகிற பெரியவர்கள் இதைக் கசிவு என்றோ குளறுபடி என்றோ எழுதுவார்கள். நானே அப்படி வாசித்திருக்கிறேன்.

பிறகு விரல் ரேகை வந்தது. கார்டு மட்டும் போதாது, மெஷினில் விரலை வைத்தால்தான் பொருள். என் விரலை மெஷின் ஒப்புக்கொள்ளவே இல்லை. தேய்ந்துபோய்விட்டதாம். வரிசையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முந்தானையில் துடை, தலைமுடியில் தேய், ஊது, எண்ணெய் தடவு. ஜவுளிக் கடைப் பெண் பொறுமை இழந்து எழுந்து வந்தாள்.

"குடும்மா கைய. இப்டி மேலாக்க வச்சா அது எப்டி எடுக்கும்?" என்று என் கட்டை விரலைப் பிடித்து, தன் உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, கண்ணாடியில் வைத்து, மேலே தன் விரலால் அழுத்திப் பிடித்தாள். மெஷின் பச்சை காட்டியது.

அன்று முதல் அது அவள் பொறுப்பாகிவிட்டது. என் முறை வந்ததும் நான் கையை நீட்டுவேன், அவள் எடுத்துத் தேய்ப்பாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: மனிதக் கை ஒன்று என் கையைத் தொட்டது அந்த ஒரு இடத்தில்தான். கொஞ்ச நேரம்தான். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டும் வரை அந்தச் சூடு விரலில் இருப்பதுபோல் தோன்றும்.

முதியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ரேஷன் என்ற அறிவிப்பு வந்தபோது மகள் போனில் துள்ளினாள்.

"அம்மா, இனிமே நீ வெயில்ல போய் நிக்க வேண்டாம். எவ்ளோ நல்ல ஸ்கீம் பாரு!"

"நான் எங்கடீ நிக்கறேன்? உட்கார்ந்துண்டுதானே இருக்கேன்?"

"அதான், ரோட்டுல உட்கார வேண்டாங்கறேன்."

கடையிலிருந்து வந்து வயதைப் பார்த்தார்கள், தனி ஆள்தானா என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் என்னைவிடப் பொருத்தமானவள் கிடைக்க மாட்டாள். சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பில் போடுகிறவரே மெஷினோடு படியேறி வந்தார். எடை போடுகிறவர் தராசையும் மூட்டையையும் தூக்கி வந்தார். அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயில் எல்லாம் ஒன்றாக, ஒரு குறையில்லாமல். என் கண் முன்னாலேயே நிறுத்துக் கொடுத்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"விரல் வேண்டாம்மா. உங்களுக்குத்தான் ரேகை விழாதே. கண்ணக் காட்டுங்க, போதும்" என்றார்.

சின்னப் பெட்டி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அது பார்த்தது, முடிந்தது. காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "இன்னும் நெறைய வீடு இருக்கும்மா" என்று சிரித்துவிட்டு இறங்கினார்கள். பால் காய்வதற்குள் வேன் கிளம்பிப் போய்விட்டது.

எதைக் குறை சொல்வது? கீழ் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு இந்த வேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவர் மனைவி முன்பெல்லாம் அவரைத் தனியே விட்டுவிட்டு அரிசிக்காக அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். திட்டம் சரி. நான்தான் அதற்குச் சரியாக இல்லை. வரிசை என்றால் கஷ்டம் மட்டும்தான் என்று முடிவு செய்தவர்கள், அதில் வேறொன்றும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. யாராவது என்னிடம் யோசனை கேட்டிருந்தால், ஐயா, வேனும் விடுங்கள், கடை வாசலில் ஒரு கூரையும் பெஞ்சும்கூடப் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பயனாளியிடம் யார் கேட்கிறார்கள்?

அதற்கப்புறம் வந்த நாட்கள் மோசமானவை. பேண்ட் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. குரல் அடைத்துவிடக் கூடாதென்று செய்தித்தாளை உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். கொள்முதல் விலை உயர்வு, மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துவது பற்றிய ஆலோசனை, எல்லாவற்றையும் பழைய தோரணையில், நிறுத்தி நிதானமாக, குக்கருக்கும் சிங்க்குக்கும் வாசித்தேன். எதிர் வீட்டு ஜன்னல் ஒருநாள் படக்கென்று சாத்திக்கொண்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு வேன் வந்துபோன பிறகு, ஒரு காலை பையை ஆணியிலிருந்து எடுத்தேன். செங்கல் துண்டைப் போட்டேன். கடைக்கு நடந்தேன்.

தகரத் தடுப்பின் நிழலில் உட்கார்ந்திருந்த ஜவுளிக் கடைப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா நீ! உயிரோட கீறியா?"

"ஏன்டீம்மா?"

"போன மாசம் பேண்ட் பை வரல. சரி, ஒடம்புக்கு முடியல போலன்னு உன் எடத்துல ஒரு கல்ல வச்சுத் தள்ளிக்கினே போனேன். அதுக்கு அப்புறமும் வரல. வயசானவங்க வரலன்னா வேற இன்னா நெனைக்கிறது? அவ்ளோதான்னு கல்லத் தூக்கிப் போட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அடிப்பதுபோல் கையை ஓங்கினாள். "வூடு எங்கன்னுகூடத் தெரியாது எனுக்கு. யாராண்ட போய்க் கேக்குறது?"

வேன் விஷயத்தைச் சொன்னேன். "அட, நல்லதுதானே?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பையை வாங்கிக்கொண்டாள். அதைத் தன் பைக்கு முன்னால் வைத்தாள்.

முறை வந்தது. பில் போடுகிறவர் கார்டைக் காட்டச் சொல்லி மெஷினைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் வீட்டுக்கே வந்து குடுத்தாச்சேம்மா, இந்த மாசத்துக்கு."

"தெரியும். அந்த வேன் எனக்கு வேண்டாம். முன்ன மாதிரி இங்கேயே வந்து வாங்கிக்கறேன். மாத்திடுங்கோ."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, எடை கொறஞ்சுதா?"

"இல்லை."

"எங்காளு எதுனா காசு கேட்டானா?"

"சேச்சே, இல்லை."

"பின்ன என்னம்மா? மேல கேப்பாங்க. பேர ஏன் எடுத்தேன்னு நான் காரணம் போடணும். இந்த மெஷின்ல வர்றது மூணுதான். எறந்துட்டாங்க, வீடு மாறிட்டாங்க, பொருள் வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்க இதுல எது?"

பின்னால் இருந்து ஒருவர், "சீக்கிரம்மா, வேலைக்குப் போவணும்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்த மூன்றின்மேல். வானொலியில் மைக்கைப் பார்த்துப் பேசுவதுபோல் நிமிர்ந்துகொண்டேன்.

"வீட்டுல பேசறதுக்கு ஒரு ஆள் இல்லை. இங்க வந்தா நாலு பேர் இருக்கா. அதான் காரணம். போட்டுக்கோங்கோ."

குரல் பிசிறில்லாமல் வந்தது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வேலைக்குப் போகவேண்டியவர் தரையைப் பார்த்தார். எடை போடுகிறவர் அரிசியை அள்ளிய கையோடு நின்றார்.

பில் போடுகிறவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அந்தக் காரணத்துக்கு இடமில்லை. தலையைத் தூக்காமல், யாருக்கோ விதி படிப்பதுபோல் சொன்னார்: "பேரெல்லாம் எடுக்க முடியாதும்மா. வேன் வர்ற அன்னிக்கு வீடு பூட்டியிருந்தா, அந்த மாசம் பொருள் கடையில வந்துதான் வாங்கிக்கணும். அதான் ரூல்ஸ். அடுத்த ஆள் வாங்க."

விதிகளை வாசித்தே வயதானவள் நான். புரிந்துகொண்டேன்.

அடுத்த வேன் ஞாயிறு வந்தது. காலையிலேயே திருவான்மியூருக்குப் பஸ் ஏறி, கோவிலுக்குப் போய்விட்டு, கடற்கரையில் உட்கார்ந்து சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. செருப்பை வெளியே போட்டு, குடையை விரித்துப் பார்த்தேன், காற்று அதைத் திருப்பிவிட்டது. உள்ளே வந்து, கிரில் கேட்டின் கம்பிகளுக்கிடையே கையை விட்டு வெளிப்பக்கமாகப் பூட்டைத் தொங்கவிட்டுப் பூட்டினேன். மரக் கதவைச் சாத்தினேன். போனின் சத்தத்தை அடைத்தேன். மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் சொந்த வீட்டில் திருடிபோல.

வேன் நிற்கும் சத்தம் கேட்டது. படியில் காலடி. மணி அடித்தது.

"அம்மா! ரேஷன் கடையிலேந்து வந்திருக்கோம்மா!"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி மணி. மறுபடி, "அம்மா!"

என் வாசலில் நின்று ஒரு மனிதக் குரல் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. இதோ வந்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"பூட்டு தொங்குது சார்" என்றது இன்னொரு குரல், எடை போடுகிறவர்.

"சரி, வீடு பூட்டியிருக்குன்னு போட்டுக்குறேன். நீ மூட்டைய எறக்கு, நான் வர்றேன்."

ஒரு காலடி இறங்கியது. இன்னொன்று இறங்கவில்லை. மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கதவுக்கு மிக அருகில், மெல்லிய குரலில், பூட்டிய வீட்டைப் பார்த்து பில் போடுகிறவர் பேசினார்.

"செவ்வாக்கெழம அரிசி போடுறோம். பருப்பு வரல. அது வெள்ளிக்கெழமதான் வரும். ரெண்டு நாளும் கடைக்கு வரணும்."

காலடி படிப் பக்கம் திரும்பி, நின்றது.

"செருப்ப உள்ள எடுத்து வைங்கம்மா. சாரல்ல நனையுது."